ஆஸ் நாடு திரைக்கு வந்த வரலாறு

சென்ற கோடை விடுமுறையில் நம் குடியிருப்பின் சங்கக் கூடத்தில் பிள்ளைகளுக்காகப் பழைய ஆங்கிலப் படம் ஒன்று திரையிடப்பெற்றது. 'தி விஸார்ட் ஆஃப் ஆஸ்' என்பது அதன் பெயர். 1939-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்தது. அப்படத்தில் ஒரு சூறாவளி எழுந்து, ஒரு வீட்டை அடியோடு பெயர்த்து, வானத்தில் சுழற்றிக்கொண்டு போகும். அக்காட்சி வந்தவுடன் கூடத்தின் சலசலப்பெல்லாம் அடங்கிவிட்டது. படம் முடிந்து பிள்ளைகளுக்குச் சுண்டல் வழங்கிக்கொண்டிருந்த வேளையில், ஒரு சிறுமி நம்மிடம் வந்து, "மாமா, அந்தப் புயலை எந்த ஊருக்குப் போய்ப் படம் பிடித்தார்கள்?" என்று கேட்டாள். "எந்த ஊருக்கும் போகவில்லை அம்மா, அது வெறும் துணி" என்றோம். அவள் நம்பவில்லை. பெரியவர்கள் கேலி செய்கிறார்கள் என்று எண்ணிச் சிரித்துவிட்டு ஓடிவிட்டாள்.

அவளுக்குச் சொல்ல வேண்டிய விடையை இம்மலரில் சற்று விரிவாக எழுதலாம் என்று துணிந்தோம். ஒரு மாயக் கதை ஏட்டிலிருந்து திரைக்கு வந்த வரலாறு அது. அதில் வியப்பும் உண்டு, வேதனையும் உண்டு. ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நம்மைப் போன்றோர் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி ஒன்றும் அதனுள் பொதிந்து கிடக்கிறது.

கதையும் ஆசிரியரும்

இக்கதையை எழுதியவர் பிராங்க் பாம் என்பவர். 1856-ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். பிழைப்பை நாடி 1888-இல் டகோட்டா என்னும் மேற்குப் பகுதிக்குக் குடும்பத்துடன் சென்று கடை வைத்தார், கடை நொடித்தது. பத்திரிகை நடத்தினார்; அதுவும் நிலைக்கவில்லை. மழை பொய்த்து வறண்டு கிடந்த அந்தச் சமவெளியைக் கண்ணாரக் கண்ட பிறகு, 1891-இல் சிகாகோ நகருக்குக் குடிபெயர்ந்தார். அங்கிருந்து 1900-ஆம் ஆண்டில் வெளிவந்ததே ஆஸ் நாட்டு மாயாவியைப் பற்றிய நூல்.

கதை எளியது. கான்சாஸ் மாநிலத்துப் பண்ணை வீடு ஒன்றில் மாமன் மாமியுடன் வாழும் டோரதி என்னும் சிறுமியைச் சூறாவளி ஒன்று வீட்டோடும் நாய்க்குட்டியோடும் தூக்கிச் சென்று ஆஸ் என்னும் விந்தை நாட்டில் இறக்கிவிடுகிறது. அறிவு வேண்டும் ஒரு வைக்கோற் பொம்மை, இதயம் வேண்டும் ஒரு தகர மனிதன், துணிவு வேண்டும் ஒரு சிங்கம் ஆகிய மூவரோடும் அவள் மரகத நகரத்து மாயாவியை நாடிச் செல்கிறாள். அவள் வேண்டுவதெல்லாம் ஒன்றே: வீடு திரும்ப வேண்டும். நெடுந்தொலைவு நடந்து சென்று கண்ட மாயாவியோ, மறைப்புக்குப் பின்னால் நின்று குரலை மாற்றிப் பேசிப் பல உருவங்களைக் காட்டி ஏமாற்றிக்கொண்டிருந்த ஒரு சாதாரணக் கிழவன்!

இந்நூலின் முதற் பதிப்பிலேயே வண்ணம் கதை சொல்லியது என்பது குறிப்பிடத்தக்கது. டென்ஸ்லோ என்னும் ஓவியர் வரைந்த படங்கள் கதை நடக்கும் இடத்துக்கு ஏற்ப நிறம் மாறின. கான்சாஸ் பக்கங்களில் சாம்பல் நிறம். குள்ளர் நாட்டில் நீலம். மரகத நகரில் பச்சை. வெயிலும் வறட்சியும் சேர்ந்து நிலத்தையும் வீட்டையும் மனிதர் முகத்தையும் கூட நரைக்கச் செய்துவிட்ட ஊராகவே ஆசிரியரும் கான்சாஸை வருணித்திருந்தார். முப்பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் திரையில் மலர்ந்த அதிசயத்துக்கு வித்து இங்கேதான் ஊன்றப்பட்டது எனலாம்.

முன்னோடி முயற்சிகள்

1939-ஆம் ஆண்டுப் படமே முதல் முயற்சி என்று பலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. 1902-இல் சிகாகோவில் இக்கதை இசை நாடகமாக மேடையேறிப் பெரும் வெற்றி கண்டது. 1908-இல் ஆசிரியர் பாம் தாமே ஒரு புதுமையைச் செய்தார். கையால் வண்ணம் தீட்டிய சலனப் படச் சுருள்களையும், கண்ணாடிச் சில்லுப் படங்களையும், வாத்தியக் குழுவையும் துணைக்கு வைத்துக்கொண்டு, ஊர் ஊராகச் சென்று மேடையில் நின்று கதை சொன்னார். கதாகாலட்சேபத்தோடு சினிமாவும் கலந்தாற்போன்றது அந்நிகழ்ச்சி. மக்கள் மகிழ்ந்தனர், ஆனால் வரவைவிடச் செலவு மிகுந்தது. அக்கடன் சுமையால் 1911-இல் அவர் திவாலாக நேர்ந்தது.

அதற்குள், 1910-இல், ஒரு சிறு மௌனப் படம் வந்துவிட்டது. 1914-இல் பாம் லாஸ் ஏஞ்சல்ஸில் தம் சொந்தப் படக் கம்பெனியைத் தொடங்கினார். அதுவும் நெடுநாள் நடக்கவில்லை. 1919-இல் அவர் மறைந்தார். 1925-இல் வந்த மற்றொரு மௌனப் படத்தில் மாயம் குறைந்து கோமாளித்தனம் மிகுந்திருந்தது. ஆசிரியர் கண்ட கனவைத் தாங்கும் வலிமை அக்காலத்துக் கருவிகளுக்கு இல்லை என்றே கொள்ளவேண்டும். வால்ட் டிஸ்னியின் 'ஸ்னோ ஒயிட்' என்னும் சித்திரப் படம் 1937-ஆம் ஆண்டு இறுதியில் வெளிவந்து வெற்றி முரசு கொட்டிய பின்னரே, மாயக் கதைக்கும் பணம் வரும் என்று ஹாலிவுட் முதலாளிகள் நம்பத் தொடங்கினர். மெட்ரோ கோல்ட்வின் மேயர் ஸ்டூடியோ கதையுரிமையை வாங்கியது. 1938 அக்டோபரில் படப்பிடிப்புத் தொடங்கியது.

ஒருவர் பின் ஒருவராக டைரக்டர்கள் மாறினர். முதலில் வந்த ரிச்சர்ட் தார்ப் இரண்டு வாரங்களில் விலக்கப்பட்டார். ஜார்ஜ் கியூகர் சில நாட்கள் ஆலோசனை கூறி, கதாநாயகி ஜூடி கார்லண்டின் பொன்னிறப் பொய்முடியையும் மிகையான ஒப்பனையையும் நீக்கச் செய்தார். பெரும் பகுதியை எடுத்தவர் விக்டர் பிளெமிங். அவரும் 'கான் வித் தி விண்ட்' படத்துக்கு அழைக்கப்பட்டுச் சென்றுவிட, கான்சாஸ் காட்சிகளைக் கிங் விடார் எடுத்து முடித்தார். இத்தனை கைகள் மாறியும் படம் ஒரே மனத்தில் பிறந்தது போல் இருப்பதற்கு, ஸ்டூடியோவில் பணியாற்றிய தொழில் வல்லுநர்களே காரணம்.

கதவு திறந்தது

மாயக் கதையைப் படமாக்குவோர்க்கு முதற் சிக்கல், நம் உலகையும் மாய உலகையும் எவ்வாறு வேறுபடுத்திக் காட்டுவது என்பதாகும். கதாசிரியர்களுள் ஒருவரான ஹெர்மன் மான்கீவிக்ஸ், கான்சாஸை நிறமின்றியும் ஆஸ் நாட்டை முழு வண்ணத்திலும் காட்டலாம் என்று யோசனை கூறினார். நூலின் சாம்பல் நிறப் பக்கங்கள் இவ்வாறு திரைக்கு இடம் பெயர்ந்தன. கான்சாஸ் காட்சிகள் கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்டுப் பழுப்பு நிறத்தில் அச்சிடப்பட்டன.

அக்காலத்து டெக்னிக்கலர் முறை எளிதானதன்று. காமிராவுக்குள் ஒரு முப்பட்டகக் கண்ணாடி, உள்ளே வரும் ஒளியைப் பிரித்து அனுப்பும். சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று ஒளிகளும் மூன்று தனிப் பிலிம்களில் பதியும். பிறகு, நம் ஊர்த் துணியில் அச்சுக் கட்டை கொண்டு ஒரு சாயத்தின் மேல் மற்றொரு சாயத்தை ஒற்றுவது போல, மூன்று சாயங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பிலிமில் ஒற்றி எடுப்பார்கள். ஒளி இவ்வாறு பங்கிடப்படுவதால் அரங்கில் மிகுந்த வெளிச்சம் வேண்டும். நூற்றுக்கணக்கான விளக்குகள் எரிந்த அந்த அரங்குகளில் வெப்பம் 100 பாரன்ஹீட் டிகிரிக்கு மேலும் ஏறியது. உண்மையான சிங்கத்தின் தோலைப் போர்த்திக்கொண்டு, சிங்கமாக நடித்த பெர்ட் லார் அவ்வெப்பத்தில் நாள் முழுதும் நின்றார் என்றால், அவர் பட்ட பாட்டை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

நூலில் டோரதி அணிவது வெள்ளிக் காலணி. டெக்னிக்கலரில் சிவப்பு எடுப்பாகத் தெரியும் என்பதற்காகத் திரைக்கதையில் அது மாணிக்கச் சிவப்பாக மாற்றப்பட்டது. அக்காலணிகளுள் ஒரு இணை வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் காட்சியகத்தில் இருக்கிறது. மற்றோர் இணை 2005-இல் களவு போய், 2018-இல் மீட்கப்பட்டு, 2024 டிசம்பரில் 3 கோடியே 25 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. ஒரு சாயத்தின் வசதிக்காகச் செய்த மாற்றம் எத்தகைய விலை பெற்றுவிட்டது, பாருங்கள்!

பழுப்பு உலகிலிருந்து வண்ண உலகுக்குக் கடந்து செல்லும் அந்த ஒரு கணத்தை எவ்வாறு எடுத்தனர்? வீட்டின் உட்புறம் முழுவதையும் பழுப்பு நிறத்தில் வண்ணம் பூசினர். டோரதிக்கு 'டூப்'பாக வந்த பெண்ணுக்கும் பழுப்பு உடை அணிவித்தனர். வண்ணக் காமிராவே ஓடிக்கொண்டிருக்க, அவள் முதுகைக் காட்டியவாறு கதவைத் திறந்து ஒதுங்கினாள். கதவுக்கு அப்பால் வண்ண உலகம் விரிந்தது. நீல உடையணிந்த உண்மை டோரதி முன்னே நடந்து சென்றாள். இரசாயன வித்தை ஒன்றும் இல்லை. சுவருக்கு அடித்த வர்ணமும் ஒரு பெண் ஒதுங்கி நின்ற நேர்த்தியுமே அங்கு மாயம் செய்தன.

துணியால் ஒரு சூறாவளி

இனி அச்சிறுமியின் கேள்விக்கு வருவோம். தந்திரக் காட்சிகளுக்குப் பொறுப்பேற்றிருந்தவர் அர்னால்டு கில்லெஸ்பி. உண்மைச் சூறாவளியைத் தேடிப் போய்க் காத்திருக்க இயலாது; அது வந்தாலும் டைரக்டர் சொன்ன இடத்தில் சுழலாது. முதலில் ரப்பரால் கூம்பு ஒன்று செய்து பார்த்தனர். அது விறைத்து நின்றதே அல்லாமல் நெளியவில்லை. அப்போது கில்லெஸ்பிக்கு, விமான நிலையங்களில் காற்றின் திசையைக் காட்டக் கட்டியிருக்கும் துணிக் குழாய் நினைவுக்கு வந்தது.

மஸ்லின் துணியால் ஏறத்தாழ 35 அடி நீளமுள்ள கூம்புக் குழாய் ஒன்றைத் தைத்தனர். அதன் அகன்ற தலையை அரங்கின் கூரையில் ஓடும் ஒரு பாரந்தூக்கியில் மாட்டிச் சுழற்றினர். கூரிய அடிமுனையைத் தரையில் வெட்டிய நெடும் பள்ளத்தினூடே கீழே ஓடும் வண்டியோடு பிணைத்தனர். மேலுள்ளது ஒரு திசையிலும் கீழுள்ளது வேறொரு திசையிலும் நகரவே, துணி நடுவில் வளைந்து நெளிந்தது. அடிமுனையில் காற்றழுத்தத்தால் நுண்ணிய களிமண் தூள் ஊதப்பட்டது. துணியின் இழைகளினூடேயும் அத்தூள் கசிந்ததால், துணியின் விளிம்பு தெரியாமல் புகைமண்டலமாகத் தோன்றியது. பஞ்சு ஒட்டிய கண்ணாடித் தகடுகளைக் காமிராவுக்கு முன்னே நகர்த்தி மேகக் கூட்டங்களையும் உண்டாக்கினர்.

இப்படத்தை ஒளி ஊடுருவும் திரை ஒன்றின் பின்புறமிருந்து வீழ்த்தி, அதற்கு முன்னே ஜூடி கார்லண்டை ஓடச் செய்து, பெரிய விசிறிகளால் காற்றை எழுப்பி மீண்டும் படம் பிடித்தனர். வீடு வானிலிருந்து விழும் காட்சிக்கு வேறோர் உபாயம். தரையில் வானத்தை வரைந்து, அதன் மேல் ஒரு சிறு பொம்மை வீட்டை விழச் செய்து மேலிருந்து படமெடுத்தனர். அப்பிலிமைப் பின்னோக்கி ஓட்டியபோது, வானத்திலிருந்து வீடு நம்மை நோக்கிப் பாய்ந்து வருவதாயிற்று!

மற்றத் தந்திரங்களும் இத்தகையனவே. சூனியக்காரி விண்ணில் புகையால் எழுதுவது, கண்ணாடித் தொட்டி நீரில் ஊசிக் குழல் வழியாகக் கருஞ்சாயத்தைச் செலுத்தி எழுதியதாகும். கீழிருந்து படம் பிடித்ததால் எழுத்துகளைத் தலைமாற்றி எழுதினர். தொலைவில் மின்னும் மரகத நகரம், கறுப்பு அட்டையில் வண்ணக் கோல்களால் தீட்டிய ஓவியம். குள்ளர்களாக நடித்தோர் நூற்று இருபதுக்கும் மேற்பட்டோர். பாட்டை மெதுவான வேகத்தில் பதிவு செய்து இயல்பான வேகத்தில் ஓட்டியதால் அவர்கள் குரல் கீச்சென்று ஒலித்தது. நிறம் மாறும் குதிரைக்கு, பழச்சுவைப் பாகு செய்யப் பயன்படும் வண்ணப் பொடியைக் குழைத்துப் பூசினர். இனிப்பாக இருந்தமையால் குதிரைகள் அதை நக்கித் தீர்க்க முயன்றனவாம்.

நாடக மேடையிலிருந்து ஒரு கடனும் உண்டு. நூலில், மயக்கம் தரும் கசகசா மலர்க் காட்டில் உறங்கிவிட்ட சிங்கத்தை ஆயிரக்கணக்கான எலிகள் வண்டியில் வைத்து இழுத்து மீட்கின்றன. ஆயிரம் எலிகளை மேடையேற்றுவது எப்படி? 1902-ஆம் ஆண்டு நாடகத்தார் எலிகளைக் கைவிட்டுப் பனிமழை பெய்வித்து மலர்களை மடியச் செய்தனர். படத்தினரும் அதையே பின்பற்றினர். ஏட்டில் உள்ளதை அப்படியே காட்டுவது படமாக்கும் கலை அன்று; ஏட்டில் அது செய்த வேலையைத் திரையில் எது செய்யும் என்று தேர்வதே அக்கலை.

மறைப்புக்குப் பின்னால்

இதுவரை சொன்னவை மகிழ்ந்து கேட்க வேண்டியவை. இனிச் சொல்வதையும் சொல்லாமல் விடுதல் முறையன்று.

தகர மனிதனாக முதலில் நடிக்க வந்தவர் பட்டி எப்சென். அவர் முகத்தில் அலுமினியத் தூளைப் பூசினர். அத்தூள் மூச்சோடு நுரையீரலில் புகுந்தது. படப்பிடிப்புத் தொடங்கிச் சில நாட்களிலேயே மூச்சுவிட இயலாமல் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, பிராணவாயுவின் துணையால் பிழைத்தார். அவர் இடத்தில் ஜாக் ஹேலி அமர்த்தப்பட்டார். தூளுக்கு மாறாகக் குழைத்த பசையைப் பூசினார்கள். முன்னவருக்கு நேர்ந்தது என்ன என்று பின்னவருக்குச் சொல்லப்படவில்லை. எப்சென் முகம் படத்தில் இல்லை. ஆனால் கூட்டுப் பாட்டொன்றில் அவர் குரல் இன்றும் ஒலித்துக்கொண்டிருக்கிறது.

சூனியக்காரியாக நடித்த மார்கரெட் ஹாமில்டன், நடிப்புக்கு வருமுன் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன ஆசிரியை. 1938 டிசம்பர் 23-ஆம் நாள், புகையும் தீயும் எழ அவர் தரைக் கதவின் வழியே மறையும் காட்சி எடுக்கப்பட்டது. அவர் முழுதும் இறங்குமுன்னரே தீ மூண்டுவிட்டது. முகமும் கையும் வெந்தன. பச்சை ஒப்பனையில் செம்புச் சத்துக் கலந்திருந்ததால், வெந்த தோலின் மேலேயே ஆல்கஹாலைத் தடவி அதைத் துடைத்தெடுக்க வேண்டியதாயிற்று. ஆறு வாரங்கள் கழித்துத் திரும்பியவர், இனித் தீயோடு நடிக்க மாட்டேன் என்று உறுதியாகக் கூறிவிட்டார். அவருக்கு 'டூப்'பாகப் புகை கக்கும் துடைப்பத்தின் மேல் அமர்ந்த பெட்டி டாங்கோ என்னும் பெண்மணி, அக்கருவி வெடித்துக் காயமுற்றார்.

படத்தில் வரும் மாயாவியின் மறைப்பை நாய்க்குட்டி விலக்கிவிடுகிறது. உள்ளே வியர்வை வடியப் பொறிகளை இயக்கும் கிழவன் தெரிகிறான். அக்காட்சியை எடுத்த ஸ்டூடியோவும் தனக்கென ஒரு மறைப்பை வைத்திருந்தது. அதற்குப் பின்னால் இருந்தவை வெந்த கைகளும் அடைத்த மூச்சும். இக்காலத்தில் கணிப்பொறிகளின் உதவியால் சூறாவளியை எவர்க்கும் ஊறின்றி உண்டாக்கிவிடலாம். அதை வளர்ச்சி என்று வரவேற்கிறோம். ஆயினும் திரையில் ஒரு வியப்பைக் காணும்போதெல்லாம், 'இதற்கு யார் என்ன கொடுத்தார்?' என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது பார்ப்போர் கடமையாகும்.

திரும்பிய வீடு

படம் 1939 ஆகஸ்டில் வெளிவந்தது. செலவு ஏறத்தாழ 28 லட்சம் டாலர். முதல் வெளியீட்டில் வந்த தொகை அதைச் சற்றே தாண்டினாலும், விநியோகச் செலவையும் சேர்த்துப் பார்க்கும்போது நட்டமே மிஞ்சியது. வானவில்லைப் பற்றிய பாட்டுக்கும் இசையமைப்புக்கும் ஆஸ்கார் பரிசுகள் கிடைத்தன. முன்னோட்டத்தின்போது, படம் நீளம் என்று அப்பாட்டையே வெட்ட முனைந்தனர் என்பது வேடிக்கை! தந்திரக் காட்சிக்கான பரிசோ வேறொரு படத்துக்குப் போயிற்று. 1949-இல் மறுபடி வெளியிட்ட பின்னரே இலாபம் கண்டது. 1956 நவம்பர் 3-ஆம் நாள் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்தபோது கோடிக்கணக்கானோர் கண்டனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் வீட்டில் கறுப்பு வெள்ளைப் பெட்டியே இருந்ததால், கதவு திறந்தும் அவர்களுக்கு வண்ணம் தெரியவில்லை!

நூலுக்கும் படத்துக்கும் இடையே மிகப் பெரிய வேற்றுமை ஒன்று உண்டு. பாமின் நூலில் ஆஸ் நாடு உண்மை நாடு. படத்தினரோ அதைச் சிறுமியின் கனவாக்கிவிட்டனர். பண்ணை வேலையாட்கள் மூவரே கனவில் பொம்மையாகவும் தகர மனிதனாகவும் சிங்கமாகவும் வருகின்றனர். வளர்ந்தவர்கள் மாயத்தை நம்ப மாட்டார்கள் என்னும் அச்சமே இதற்குக் காரணம் போலும். கண் விழித்த டோரதி தன் பழைய கட்டிலிலேயே கிடக்கிறாள், எதுவும் மாறவில்லை.

நூலின் முடிவு வேறு. அங்கே டோரதி திரும்பி வந்து காண்பது பழைய வீட்டையன்று. பழைய வீடு சூறாவளியோடு போயிற்றே! மாமன் புதிதாகக் கட்டிய வீடு ஒன்றுதான் அங்கே நிற்கிறது. அதற்கும் அப்பால், 1910-இல் பாம் எழுதிய ஆறாம் நூலில், கடன் தீர்க்க முடியாமல் பண்ணை கைநழுவும் நிலை வந்தபோது, டோரதி தன் மாமனையும் மாமியையும் ஆஸ் நாட்டுக்கே அழைத்துச் சென்று நிலையாகக் குடியமர்த்திவிடுகிறாள். படம் பார்த்தவர்களுள் பலர் இதனை அறியார்.

கடை நொடித்து, பத்திரிகை நொடித்து, ஊர் ஊராகப் பெயர்ந்த பாமுக்கு, வீடு என்பது விட்டுவந்த இடத்தில் மாறாமல் காத்திருக்கும் பொருளன்று என்பது தெரிந்திருந்தது. நமக்கும் தெரியும். விடுமுறையில் ஊருக்குப் போகும்போதெல்லாம், திண்ணை இருந்த இடத்தில் இரும்புக் கதவும், கிணறு இருந்த இடத்தில் சிமெண்டுத் தளமும் கண்டு திகைத்து நிற்பவர்கள் நாம். நம் பிள்ளைகளோ இக்குடியிருப்பையே ஊர் என்கின்றனர். மாமனும் மாமியும் பெற்றோரும் எங்கே கூடி ஒரு தட்டில் உண்கின்றனரோ அங்கேயே வீடு எழும் என்று அந்த ஆறாம் நூல் நமக்குச் சொல்லாமல் சொல்கிறது.

அச்சிறுமிக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். பழைய வேட்டி ஒன்று வீட்டில் இருக்கிறது. அடுத்த விடுமுறையில், சங்கக் கூடத்து விட்டத்தில் அதைக் கட்டித் தொங்கவிட்டு, கீழ் முனையை அவள் கையிலேயே கொடுத்து, கொஞ்சம் மாவுத் தூளும் தூவி, சூறாவளி பிறக்கும் விதத்தைக் காட்டலாம் என்று இருக்கிறோம். அப்போதாவது நம்புகிறாளா, பார்ப்போம்.